மலையோடை அயிரை: வீட்டுத் தொட்டியில் இனப்பெருக்கம்

(மலைப்பகுதி உழவர் கூட்டம் ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)

உழவியல் துறையைச் சேர்ந்த ஒருவர் மீனைப் பற்றிப் பேச எழுந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் உண்டு. மலைப்பகுதிக் கூட்டங்களுக்குச் செல்லும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் என்னிடம் கேட்கப்படுகின்றன. "ஓடையில் கல்லோடு ஒட்டிக் கிடக்கும் தட்டை மீனை வண்ணமீன் வியாபாரிகள் தேடுகிறார்களாமே, பிடித்துக் கொடுக்கலாமா?" என்பது ஒன்று. "வீட்டிலேயே தொட்டி வைத்துக் குஞ்சு எடுக்க முடியுமா?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என் விடை, கூடாது என்பதே. இரண்டாவதற்கு விடை, முடியும். ஆனால் எல்லா ஊரிலும் முடியாது என்பதாகும். இந்த இரண்டு விடைகளுக்கும் உரிய காரணங்களை விளக்கவே வந்திருக்கிறேன். கேட்டு முடித்தபின் பத்துப் பேரில் எட்டுப் பேர் "இது நமக்கு வேண்டாம்" என்று முடிவு செய்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். விவரம் தெரியாமல் தொட்டியும் பம்பும் வாங்கிப் பணத்தை முடக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மீனின் இயல்பு

அயிரை என்றதும் மதுரை, தேனிப் பக்கத்துக் குழம்புதான் நம்மவர் நினைவுக்கு வரும். அது வாய்க்காலிலும் ஆற்று மணலிலும் வாழும் அயிரை. நான் சொல்வது அதற்குத் தூரத்து உறவான வேறொரு கூட்டம். மலையில் பாறைகளுக்கிடையே விரைந்து இறங்கும் தெளிந்த ஓடைகளில் வாழ்வது. எனவே இதனை மலையோடை அயிரை என்றே குறிப்பிடுகிறேன்.

இதன் உடல் மேலிருந்து அழுத்தியதுபோல் தட்டையானது. அடிவயிறு சமமாக இருக்கும். பக்கத் துடுப்புகள் விசிறிபோலக் கிடையாக விரிந்திருக்கும். சில இனங்களில் வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் பின்புறம் ஒன்றாகச் சேர்ந்து தட்டுப்போல் ஆகிவிடும். பாசி தின்னும் வேறு சில மீன்கள் வாயால் கல்லைப் பற்றிக்கொள்ளும். இதுவோ உடல் முழுவதையும் கல்லில் பதித்துத் துடுப்பு ஓரங்களை ஒட்டிக்கொள்கிறது. கையால் எடுக்க முயன்றால் கல்லோடு சேர்ந்துதான் வரும். கல்லின்மேல் படியும் பாசியையும், அந்தப் பாசிக்குள் வாழும் நுண்ணுயிர்களையும், சிறு பூச்சிப் புழுக்களையும் மேய்வதே இதன் வாழ்க்கை.

வீட்டுத் தொட்டிகளில் பெரிதும் பழக்கத்திற்கு வந்துள்ள இனத்தின் பெயர் செவெல்லியா லினியோலேட்டா. இது வியட்நாம் நாட்டின் நடுப்பகுதி ஓடைகளைச் சேர்ந்தது. சுமார் 6 செ.மீ. வளரும். கருமை நிற உடலில் இளமஞ்சள் கோடுகளும் புள்ளிகளும் வலை பின்னியதுபோல் அமைந்திருக்கும். 1846-ஆம் ஆண்டில் வாலென்சியென் என்ற பிரெஞ்சு அறிஞர் இதனை விவரித்தார். செவெல்லியா என்ற பேரினப் பெயரை 1932-இல் சூட்டியவர் நம் நாட்டு விஞ்ஞானி சுந்தர்லால் ஹோரா. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்த செவெல் என்பவரின் பெயரைத் தழுவியது அது. வெள்ளத்தில் வாழும் உயிரினங்களின் உடலமைப்பை ஆராய்வதில் ஹோரா தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர்.

இதே குடும்ப வழியைச் சேர்ந்த மீன்கள் நமது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உள்ளன. பவானியா ஆஸ்ட்ராலிஸ் என்னும் இனத்தை 1849-இல் ஜெர்டன் விவரித்தார். பவானியா என்ற பேரினப் பெயரையும் ஹோராதான் 1920-இல் சூட்டினார். எல்லா இனங்களையும் கண்டு முடித்துவிட்டதாகவும் எண்ண வேண்டாம். 2013-ஆம் ஆண்டில்கூட அமைதிப் பள்ளத்தாக்கிலிருந்து இக்குடும்பத்தில் ஒரு புதிய இனம் விவரிக்கப்பட்டது.

ஓடையிலிருந்து ஏன் பிடிக்கக் கூடாது?

நம் மலையிலுள்ள இனங்களில் சில, ஓரிரு ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. அந்த ஆற்றிலும் வேகமும் கல்லும் பொருந்திய துண்டுகளில் மட்டுமே வாழும். கெண்டைபோல் இலட்சக்கணக்கில் முட்டையிடும் மீனும் அல்ல. ஒரு துண்டிலுள்ள மீனை வழித்தெடுத்துவிட்டால் அந்த இடம் நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும். அங்கே மீண்டும் வந்து சேர வேறு மீன் இல்லையென்றால் நிரம்பாமலே போய்விடும். பிடிப்பதிலும் பயன் குறைவு. குளிர்ந்த ஓட்ட நீரில் வாழ்ந்த மீன், நெகிழிப் பையிலுள்ள தேங்கிய நீரில் மலையிறங்கிச் சமவெளிக்குச் செல்வதற்குள் பாதி வழியிலேயே மடியத் தொடங்கும்.

மிஸ் கேரளா என்று வணிகர்கள் பெயரிட்ட செங்கோட்டு மீன் நமக்கு ஒரு பாடம். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளிலிருந்து ஏற்றுமதிக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டு, இன்று அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. பிற்பாடு அதனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யும் முறை கண்டறியப்பட்டது. முறை முதலிலும் வலை பின்னாலும் வந்திருக்க வேண்டும், நடந்தது நேர்மாறு.

மேலும், காப்புக் காடுகளிலும் சரணாலயங்களிலும் அனுமதியின்றி மீன் பிடிப்பது குற்றம். நம் ஓடைகளில் பெரும்பாலானவை அத்தகைய காடுகளில்தான் தோன்றுகின்றன. ஆகவே வளர்க்க விரும்புவோர், தொட்டியிலேயே பிறந்த செவெல்லியா குஞ்சுகளை வளர்ப்போரிடமிருந்து கேட்டு வாங்க வேண்டும். விற்பவர் குஞ்சுகளை மட்டுமின்றி, தாய் மீன் உள்ள தொட்டியையும் காட்டக் கூடியவராக இருத்தல் நல்லது.

வெப்பமும் பிராணவாயுவும்

இந்த மீனுக்கு நீரின் வெப்பம் 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது ஏற்றது. எதனால் இந்தக் கட்டுப்பாடு? நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைகிறது. கடல் மட்டத்தில், 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9.1 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 25 டிகிரியில் 8.3, 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். உயரம் கூடினாலும் இந்த அளவு சிறிது குறையும் என்பதை மலைவாசிகளான நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும். அதே சமயம் வெப்பம் ஏறினால் மீனின் மூச்சுத் தேவை கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடும் குடும்பத்தின் நிலைதான். குளத்து மீன்கள் இதைத் தாங்கப் பழகியவை. எப்போதும் நுரைத்தோடும் நீரில் வாழ்ந்த இந்த மீனுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இதனால், சமவெளியிலிருந்து வந்திருக்கும் நண்பர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கோடையில் உங்கள் வீட்டுத் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். நீரைக் குளிர்விக்கும் கருவி வாங்கலாம். அதன் விலையையும் மின்கட்டணத்தையும் இந்தச் சிறு மீன் திருப்பித் தராது. உங்களுக்கு இத்தொழில் வேண்டாம். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை போன்ற இடங்களில் வசிப்போர் முயலலாம். அங்கும் பங்குனி, சித்திரையில் வெயில் படாத அறையில் தொட்டியை வைத்து, நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறி ஒன்றை ஓட விட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். உதகையில் நேர்மாறான சிக்கல். மார்கழிக் குளிரில் நீர் 18 டிகிரிக்குக் கீழே போனால் மீன் மேய்ச்சலைக் குறைத்துக்கொள்ளும், முட்டையிடாது. அங்கு அடுப்பங்கரையை ஒட்டிய அறையே நல்ல இடம்.

தொட்டிக்குள் ஓடை அமைத்தல்

காற்றுக் குமிழி விடும் சாதாரணத் தொட்டியில் இந்த மீன் சில மாதங்கள் உயிரோடு இருக்கும். அதைப் பார்த்து வளர்கிறது என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் மெலிந்துகொண்டிருக்கும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நோக்கி நிற்காமல் ஓடும் நீர் இதற்குத் தேவை. வெளிநாட்டு மீன் வளர்ப்போர் இதற்கு எளிய ஓர் அமைப்பைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்துள்ளனர். சொட்டுநீர்க் குழாய் அமைத்துப் பழகிய உங்கள் கைக்கு இது கடினமாக இராது.

நீளம் 90 செ.மீ., அகலம் 45 செ.மீ., உயரம் 40 செ.மீ. உள்ள தொட்டி போதும். இந்த மீனுக்கு ஆழம் பெரிதல்ல, தரைப்பரப்பே பெரிது. நிலத்தைப் போலத்தான், ஏக்கர் கணக்கே முக்கியம். 30 செ.மீ. உயரத்திற்கு நீர் நிரப்பினால் ஏறக்குறைய 120 லிட்டர் கொள்ளும். தொட்டியின் அடியில், நீளவாக்கில் இரண்டு முக்கால் அங்குலப் பி.வி.சி. குழாய்களைப் பதிக்க வேண்டும். ஒவ்வொரு குழாயின் இரு முனையிலும் எல்போ பொருத்தி, குட்டையான நிலைக்குழாய் ஒன்றை மேல்நோக்கி நிறுத்த வேண்டும். இடப்பக்கத்து நிலைக்குழாய்களில் துளையிட்டு, அவற்றைச் சொரசொரப்பான தடித்த பஞ்சு உருளைக்குள் நுழைத்துவிட வேண்டும். வலப்பக்கத்து நிலைக்குழாய்களின் தலையில் பவர்ஹெட் எனப்படும் சிறு நீர்மூழ்கிப் பம்புகளைப் பொருத்த வேண்டும். பம்பு ஓடும்போது நீர் இடப்பக்கத்துப் பஞ்சின் வழியே வடிந்து, தரைக்கு அடியிலுள்ள குழாயில் வலப்பக்கம் சென்று, பம்பின் வாய் வழியாக மீண்டும் இடப்பக்கம் நோக்கிப் பாயும். மேலே பார்த்தால் தொட்டி முழுவதும் ஒரே திசையில் ஓடும் ஓடையாக இருக்கும்.

தொட்டியின் மொத்த நீரும் மணிக்குப் பத்து முதல் பதினைந்து முறை சுற்றி வர வேண்டும். 120 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 800 லிட்டர் தள்ளும் பம்பு இரண்டு வைத்தால் கணக்குச் சரியாக வரும். பம்பின் வாய் நீர்ப்பரப்பை ஒட்டியபடி இருந்தால் பரப்பு கலங்கிக் காற்றும் கலக்கும். ஒரு பம்பு மட்டும் வைத்துச் சிக்கனம் செய்ய வேண்டாம். அது நின்றுபோனால் மாற்று இல்லை.

குழாய்களின்மேல் நெல்மணி அளவுள்ள பருமணலை ஐந்து செ.மீ. உயரத்திற்குப் பரப்ப வேண்டும். கூர்மையான உடைகல் ஆகாது. மீனின் அடிவயிறு கீறிப்போகும். ஆற்று நீரில் உருண்டு வழவழப்பான கூழாங்கற்களை, உள்ளங்கை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை, நீரோட்டத்தின் போக்கில் அடுக்க வேண்டும். சில கற்களுக்குப் பின்னால் ஓட்டம் தணிந்த மூலைகள் இருக்கட்டும். மீனுக்கு எந்நேரமும் எதிர்நீச்சல் வேண்டியதில்லை. சுண்ணாம்புக் கல்லைத் தவிர்க்கவும். செம்புக் குழாய், துத்தநாகம் பூசிய குழாய் வழியாக வரும் நீரும், தேயிலை, காப்பித் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் ஓடை நீரும் ஏற்றவையல்ல. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன். குளோரின் கலந்த குழாய் நீரானால் அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் காற்றாட வைத்துப் பயன்படுத்தலாம்.

தொட்டி பதப்படுதல்

தொட்டி கட்டி, நீர் விட்டு, அன்றே மீனை விடுவதுதான் நான் காணும் பொதுவான தவறு. மண்ணில் யூரியா இட்டால் என்ன நடக்கிறது என்று நீங்கள் அறிவீர்கள். அது அம்மோனியாவாகி, பின் ஒருவகைப் பாக்டீரியாக்களால் நைட்ரைட்டாகவும், மற்றொரு வகையால் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. அதே பாக்டீரியாக் கூட்டங்கள்தான் தொட்டியின் பஞ்சிலும் மணலிலும் குடியேற வேண்டும். மீனின் கழிவு அம்மோனியாதான். அதுவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டு அவ்வளவு கேடானதல்ல. இக்கூட்டங்கள் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை பம்பை ஓட விட்டு, நாளும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தை மட்டும் போட்டு வர வேண்டும். வேறொரு நல்ல தொட்டியின் அழுக்குப் பஞ்சைக் கொண்டுவந்து இதில் பிழிந்துவிட்டால் காலம் சற்றுக் குறையும். பாலுக்கு உறை ஊற்றுவதைப் போன்றது அது. பஞ்சைக் கழுவும்போதும் தொட்டி நீரிலேயே அலச வேண்டும். குளோரின் நீரில் அலசினால் உறையைக் கொட்டிவிட்டதாகும்.

கல் வேளாண்மை

நான் உழவியல்காரன் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மலையோடை அயிரையின் பயிர் கல்லின்மேல் விளைகிறது. அந்தப் பயிர் இல்லையென்றால் கடையில் வாங்கும் எந்தத் தீவனமும் அதற்கு ஈடாகாது. தொட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் வளரும் பாசியை எட்டு மீன்கள் சில நாட்களில் வழித்துவிடும். ஆதலால் வெளியே நாற்றங்கால் வேண்டும்.

ஆழமில்லாத அகன்ற சிமெண்டுத் தொட்டி அல்லது பழைய நெகிழித் தொட்டி மூன்றை வெயில் படும் இடத்தில் வைத்து, கற்களை ஒரே அடுக்காகப் பரப்பி, கல் மூழ்கும் அளவு நீர் விட வேண்டும். பத்துப் பதினைந்து நாட்களில் கல்லின்மேல் பழுப்பும் பச்சையுமான மெல்லிய வழவழப்பு படியும். அதுதான் மேய்ச்சல். நூல்நூலாக நீண்டு தொங்கும் பாசியை இம்மீன் விரும்பாது. அது வந்துவிட்டால் அறுவடைக் காலம் கடந்துவிட்டது என்று பொருள். முதல் தொட்டிக் கல்லை மீனுக்குக் கொடுத்து, மேய்ந்த கல்லை அதே தொட்டிக்குத் திருப்பி, அடுத்த வாரம் இரண்டாம் தொட்டி, பின் மூன்றாம் தொட்டி என்று சுழற்சி முறையில் மாற்றிக்கொண்டே இருக்கலாம். கல்லை உள்ளே வைக்குமுன் தும்பியின் இளம்புழு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது குஞ்சுகளைத் தின்னும்.

இந்த நாற்றங்காலுக்கு உரம் இட வேண்டுமா? வேண்டாம். மீன் தொட்டியில் வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை, அதாவது 25 முதல் 30 லிட்டர் வரை, மாற்றியாக வேண்டும். வெளியேற்றும் அந்த நீரில் நைட்ரேட்டு இருக்கிறது. அதையே நாற்றங்கால் தொட்டிகளுக்கு விடுங்கள். மீதம் இருந்தால் கீரைப் பாத்திக்குப் பாய்ச்சுங்கள்.

கல்லுக்குத் துணையாக, நீரில் அமிழும் பாசி வில்லைகள், லேசாக வேகவைத்த வெள்ளரி அல்லது சுரைக்காய்த் துண்டு, வாரம் ஓரிரு முறை சிறிது புழுத் தீவனம் கொடுக்கலாம். மிஞ்சியதை அன்றே எடுத்துவிட வேண்டும்.

ஆண், பெண், முட்டை

இளம் மீனில் ஆண், பெண் தெரியாது. எனவே ஆறு முதல் எட்டு மீன்களைச் சேர்ந்தாற்போல் வாங்குவதே முறை. வளர்ந்தபின் மேலிருந்து பார்க்க வேண்டும். ஆணின் தலை, பக்கத் துடுப்பைச் சந்திக்கும் இடத்தில் தோள்பட்டை துருத்தியதுபோல் கோணமாக இருக்கும். துடுப்பின் முன் ஓரத்தில் சிறு சொரசொரப்பும் தெரியும். பெண்ணுக்கு மூக்கிலிருந்து துடுப்புவரை கோடு வளைவாகச் செல்லும், உடலும் பருத்திருக்கும்.

தீனி நிறைந்து, நீர் தெளிந்து ஓடினால் ஊசி மருந்து எதுவும் இல்லாமலே இம்மீன் முட்டையிடும். கெண்டை மீன் பொரிப்பகத்தில் ஹார்மோன் ஊசி போடுவதைப் பார்த்தவர்கள் அதை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். பலருக்கு, தொட்டி நீரைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்த நீரை மாற்றி விட்ட பின் முட்டையிடல் நிகழ்ந்திருக்கிறது. மலையில் புதுமழை பெய்து ஓடை குளிர்வதாக மீன் எடுத்துக்கொள்கிறது போலும். அப்போது ஆண் பெண்ணைச் சுற்றிச் சுற்றி வரும், மேலேறித் தடவும், கண்ணாடிமீது இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்லும். ஆண் மணலில் வாலாலும் உடலாலும் உதறிச் சிறு குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட, மணல் மூடிக்கொள்ளும். பெரும்பாலும் விளக்கணைந்த பிறகு நடப்பதால் நீங்கள் பார்க்காமலே இது முடிந்துவிடும்.

அடுத்த சில வாரங்களுக்குச் செய்ய வேண்டியது ஒன்றே: எதையும் செய்யாதிருத்தல். மணலைக் கிளறக் கூடாது, குழாய் விட்டு அழுக்கை உறிஞ்சக் கூடாது, கல்லைப் புரட்டக் கூடாது. வழக்கமான நீர் மாற்றமும், மேலோடு வைக்கும் கற்களின் சுழற்சியும் போதும். குஞ்சுகள் மணலின் இடுக்குகளில் பொரித்து, அங்கேயே தங்கி, ஒரு நாள் கல்லின்மேல் தலைகாட்டும். அப்போது ஏறக்குறைய ஒரு செ.மீ. இருக்கும், தாயைப்போல் அகன்ற தட்டையாக இராமல் ஒடுங்கிய உடலோடு இருக்கும். முதன்முறை பார்ப்பவர் வேறு ஏதோ புழு என்று எண்ணி எடுத்து எறிந்துவிடக் கூடும்.

பெரிய மீன்கள் குஞ்சைத் துரத்தித் தின்பதில்லை. எனவே குஞ்சைப் பிரித்து வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டியதில்லை. மாற்றினால் பாசி பதப்படாத தொட்டியில் பட்டினிதான் கிடக்கும். ஆனால் வேறு இன மீன்கள் எதுவும் அத்தொட்டியில் இருத்தல் ஆகாது. பம்பு உறிஞ்சும் பக்கத்துப் பஞ்சு எங்கும் கிழிந்திராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிழிந்த பஞ்சு வழியே ஓர் ஈட்டுக் குஞ்சு முழுவதும் ஒரே இரவில் போய்விடும். ஓர் அங்குல நீளத்தை எட்ட நான்கைந்து மாதங்கள் ஆகும். அதற்கு முன் விற்க வேண்டாம்.

மின்சாரம்

மலையில் காற்றடித்து மரம் சாய்ந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஓட்டம் நின்ற தொட்டியில் இந்த மீன் அதிக நேரம் தாங்காது. பஞ்சிலுள்ள பாக்டீரியாக்களும் பிராணவாயு இன்றி மடியத் தொடங்கும். 15 வாட் பம்பு இரண்டு, 24 மணி நேரமும் ஓடினால் நாளொன்றுக்கு 0.72 யூனிட், மாதத்திற்குச் சுமார் 22 யூனிட். இது பெரிய செலவல்ல. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியும் சிறு இன்வெர்ட்டரும் இருந்தால், பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் இரண்டு பம்புகளும் ஏறக்குறைய 15 மணி நேரம் ஓடும். அதற்கு வசதி இல்லாதவர், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றையாவது கையில் வைத்திருக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாமல் மீன் வாங்குவது, கிணறு இல்லாமல் நாற்று விடுவதாகும்.

வருமானம்

இதனை நம்பி உருளைக்கிழங்கு, காரட் நிலத்தைக் குறைக்கலாமா என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. ஒரு தொட்டியில் ஓர் ஈட்டிற்குக் கிடைப்பது எண்ணிச் சொல்லும் அளவுக் குஞ்சுகள்தான். குஞ்சு வளரும் காலமும் நீண்டது. வாங்குவோரும் பெருநகரங்களில் இருக்கும் ஆர்வலர்கள். அவர்கள் தொகை சிறியது. பத்து ஊர்களில் பத்துப் பேர் ஒரே ஆண்டில் தொடங்கினால் விலை விழுந்துவிடும். இரண்டு தொட்டி வைத்து, வீட்டிலுள்ள படித்த பிள்ளை ஒருவர் நாளும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டால் கைச்செலவுக்கு ஆகும். முதல் ஓராண்டில் வரவே இராது என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கடன் வாங்கித் தொடங்க வேண்டாம்.

தோட்டமும் ஓடையும்

தோட்டங்களுக்குக் கீழே ஓடும் நீரை எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். தேயிலைக் கொப்புள நோய்க்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு தெளிக்கிறோம். காப்பிக்கும் மிளகுக்கும் போர்டோ கலவை அடிக்கிறோம். இவற்றிலுள்ள செம்பு பூசணத்தைக் கொல்வதைப் போலவே கல்லின்மேலுள்ள பாசியையும் கொல்லும்; மீனுக்கும் மிக நஞ்சானது. பூச்சிக்கு அடிக்கும் செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொன்றுவிடும். மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பின்கருகல் நோய் வந்த கிழங்குத் தோட்டத்தை வைத்துக்கொண்டு மருந்தடிக்காமல் இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் தெளிப்பானை ஓடையில் இறங்கிக் கழுவுவதும், மீந்த கரைசலை ஓடையோரத்தில் கொட்டுவதும் எந்த நோயையும் கட்டுப்படுத்துவதில்லை. கழுவிய நீரைத் தோட்டத்திற்குள்ளேயே, மருந்தடித்த பயிரின் மீதே தெளித்துவிடலாம். ஓடைக்கரையில் ஐந்தாறு அடி அகலத்திற்குப் புல்லும் புதரும் விட்டுவைத்தால் மழையில் அடித்துவரும் மண் கல்லின்மேல் படியாது. மண் படிந்த கல்லில் பாசி விளையாது. பாசி விளையாத கல்லில் இந்த மீன் நிற்காது. உங்கள் தோட்டத்துக்கு மேலே ஓடையில் தட்டை மீன் இருந்து, கீழே இல்லையென்றால், நடுவில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை நடந்து பாருங்கள். குடிதண்ணீரும் அதே ஓடையிலிருந்துதான் வருகிறது.

இறுதியாக, சென்ற கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கேட்டதைச் சொல்லி முடிக்கிறேன். "சார், குஞ்சு மிஞ்சிப் போனால் நம்ம ஓடையிலேயே விட்டுடலாமில்ல? ஓடைக்கும் மீன் சேரும்" என்றார். நல்ல மனத்தோடு கேட்டார். ஆனாலும் விடக் கூடாது. ஜிலேபிக் கெண்டையை 1952-இல் நம் நாட்டிற்குக் கொண்டுவந்தவர்களும் நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். இன்று அது இல்லாத ஏரியைத் தேட வேண்டியிருக்கிறது. வியட்நாம் மீன் நம் ஓடையில் பிழைத்தால் நம் மீனின் கல்லையே மேயும். அதனோடு வரும் நோயும் இங்கே பரவக் கூடும். மிஞ்சிய குஞ்சை மற்றொரு வளர்ப்பவருக்குக் கொடுங்கள். அதுவும் இயலாவிட்டால் அடுத்த முட்டையிடலுக்கு முன் ஆண்களையும் பெண்களையும் வெவ்வேறு தொட்டியில் பிரித்து வைத்துவிடுங்கள்.